வெல்டு பிடித்திருக்கிறதா? புதிதாகப் பற்றவைப்பவர் தன் வேலையைத் தானே எடைபோடும் முறை

வெல்டிங் கற்கத் தொடங்கிய எவருக்கும் முதல் சில வாரங்களிலேயே ஒரு சங்கடம் வந்துவிடும். இரும்பும் இரும்பும் ஒட்டியிருக்கின்றன, மேலே ஓடாகப் படிந்த கசடான ஸ்லாக்கைத் தட்டினால் உள்ளே பளபளவென்று ஒரு பீட் (உருகி உறைந்த உலோக வரி) தெரிகிறது, ஆனாலும் அது நல்ல வெல்டா, பெயரளவுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும் வெல்டா என்று சொல்லத் தெரிவதில்லை. அனுபவசாலி ஒருவரிடம் காட்டினால் அவர் இரண்டு நொடி பார்த்துவிட்டு, “பிடிக்கவில்லை, திரும்பப் போடு” என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். அந்த இரண்டு நொடியில் அவர் கண் எங்கெங்கே போயிற்று என்பதை விளக்கிச் சொல்ல அவருக்கே பெரும்பாலும் வராது.

அந்தக் கண் நமக்கும் வருவதற்கு நான் அறிந்த வழி ஒன்றுதான். போட்ட வெல்டை ஒழுங்காகப் பார்த்து, அதைப் பற்றிய தீர்ப்பை ஒரு நோட்டில் எழுதிவைத்து, பிறகு அதை உடைத்து, எழுதியதும் உள்ளே இருப்பதும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். உடைக்காமல் பார்த்துக்கொண்டே இருப்பவருக்குத் தன் கணிப்பு சரியா என்று ஒருநாளும் தெரியாது. எழுதிவைக்காமல் உடைப்பவரோ, உடைந்த பிறகு “இதை நான் அப்போதே நினைத்தேன்” என்று தன்னையே ஏமாற்றிக்கொள்வார். இக்கட்டுரை மைல்டு ஸ்டீல் தகடுகளை ராடு (பூச்சு பூசிய கம்பி) கொண்டு பற்றவைக்கும் ஸ்டிக் வெல்டிங்கை மையமாக வைத்து எழுதப்பட்டது. கம்பி தானாக வந்துகொண்டிருக்க, கேஸ் வெல்டை மூடிக் காக்கும் மிக் வெல்டிங்கில் எங்கே ஏமாற்றம் காத்திருக்கிறது என்பதைப் பின்னர் தனியாகச் சொல்கிறேன்.

சோதனைத் துண்டுகளைத் தயார் செய்தல்

6 மி.மீ. தடிமனும் 50 மி.மீ. அகலமும் உள்ள பிளாட்டை 150 மி.மீ. நீளத் துண்டுகளாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒன்றின் நடுவில் மற்றொன்றைச் செங்குத்தாக நிறுத்தி, இரு முனைகளிலும் டேக் (பொட்டு போன்ற சிறு வெல்டு) வைத்தால் டி ஜாயிண்ட் தயார். இணையும் இடத்தில் உள்ள துரு, எண்ணெய், பெயிண்ட் ஆகியவற்றோடு, புதுத் தகட்டின் மேல் கருநீலமாகப் படிந்திருக்கும் ஆலைச் செதிலையும் கிரைண்டரால் எடுத்துவிடுங்கள். துத்தநாகப் பூச்சு உள்ள தகட்டைப் பயிற்சிக்கு எடுக்க வேண்டாம்; அதன் புகை காய்ச்சலைக் கொண்டுவரும், வெல்டிலும் துளை விழும்.

3.15 மி.மீ. தடிமனுள்ள 6013 என்ற வகை ராடு தொடக்கத்திற்கு ஏற்றது. ராடின் ஒவ்வொரு மில்லிமீட்டர் விட்டத்திற்கும் ஏறக்குறைய 30 முதல் 40 ஆம்பியர் என்று கணக்கிட்டால் 95 முதல் 125 வரை வரும். ஆனால் பெட்டியின் மேல் தயாரிப்பாளர் அச்சிட்டிருக்கும் அளவே இறுதியானது. டி ஜாயிண்டின் ஒரு பக்கத்தில் மட்டும், ஒரே ஓட்டமாகப் பற்றவையுங்கள். இரண்டு பக்கமும் போட்டுவிட்டால் பிறகு உடைத்துப் பார்க்க முடியாது. ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண் இட்டு, நோட்டில் அந்த எண்ணுக்கு நேராக ராடின் வகை, ஆம்பியர், வெல்டு போட்ட நிலை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். இது அலுப்பான வேலைதான். ஆனால் இருபது துண்டு உடைத்த பிறகு, எந்த அளவில் எது பிடித்தது என்பது நினைவில் இருக்கும் என்று நம்புவது வீண்.

முதலில் வேண்டுமென்றே தப்பாகப் போடுங்கள்

நல்ல வெல்டைத் தேடுவதற்கு முன் கெட்ட வெல்டுகளின் முகத்தை அறிந்துகொள்வது நல்லது. சற்றுப் பெரிய தகடு ஒன்றை எடுத்து, அதன் மேல் ஏழு பீட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். முதலாவது உங்களால் முடிந்தவரை சரியாக. பிறகு ஆம்பியரை மிகக் குறைத்து ஒன்று, மிகக் கூட்டி ஒன்று. ராடைத் தகட்டோடு ஒட்டினாற்போல் வைத்து ஒன்று, எட்டத் தூக்கிப் பிடித்து ஒன்று. நத்தை வேகத்தில் ஒன்று, ஓட்டமாய் ஓடி ஒன்று. ஒவ்வொரு பீட்டிலும் அந்த ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். மற்றவை முதல் பீட்டில் இருந்தபடியே இருக்க வேண்டும்.

ஸ்லாக்கைத் தட்டி எடுத்ததும் வேறுபாடு தானாகத் தெரியும். ஆம்பியர் குறைந்த பீட் தகட்டின் மேல் கயிறு போட்டதுபோல உயர்ந்து, குறுகி, ஓரத்தில் தகட்டோடு கலக்காமல் நிற்கும். ஆம்பியர் கூடியது பரந்து தட்டையாகி, சுற்றிலும் பொறிகள் தெறித்து ஒட்டியிருக்க, ஓரங்களில் தகடு அரிக்கப்பட்டிருக்கும். ராடின் முனைக்கும் தகட்டுக்கும் இடையே எரியும் மின்சுடரான ஆர்க் நீண்டால் பீட் அங்குமிங்கும் சிதறி, அகலம் ஓரிடத்தில் இருப்பது போல் மற்றோரிடத்தில் இராது. வேகமாகப் போனதில் அலை வரிகள் அம்பு முனை போலக் கூர்ந்திருக்கும். மெதுவாகப் போனதில் உலோகம் குவிந்து அகலமாகக் கிடக்கும். முதலாவதாகப் போட்டதில் வரிகள் பிறை வடிவில் சீரான இடைவெளியில் வந்திருந்தால், நீங்கள் சரியான இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள். இந்தத் தகட்டை எறிந்துவிடாமல் வேலை மேசையின் அருகில் மாட்டி வையுங்கள். பின்னாளில் ஒரு வெல்டில் ஐயம் எழும்போது எந்தப் புத்தகப் படத்தையும் விட இது அதிகம் சொல்லும்.

பற்றவைக்கும்போதே தொடங்கும் சோதனை

தரத்தில் பாதியை, உருகிய குளம் கண்முன் இருக்கும்போதே தீர்மானித்துவிடலாம். புதியவர்கள் பெரும்பாலும் கண்ணைப் பறிக்கும் ஆர்க்கையே பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது அதன் பின்னால் உள்ள குளத்தை. ஏறக்குறைய 100 ஆம்பியருக்கு 10 அல்லது 11 எண் கண்ணாடி பொருத்திய முகமூடி இருந்தால் குளம் தெளிவாகத் தெரியும். உருகிய இரும்பு பளிச்சென்றும், அதன் மேல் மிதக்கும் ஸ்லாக் சற்று மங்கலாகவும், சேறு போல நெளிந்துகொண்டும் இருக்கும். இந்த இரண்டையும் பிரித்தறியாதவருக்கு ஸ்லாக் முன்னால் ஓடி ரூட்டுக்குள், அதாவது இரு தகடுகளும் சேரும் இடத்தின் அடிக்குள், புகுந்துகொள்வது தெரியாது. அது அங்கேயே சிறைப்பட்டுவிடும்.

டி ஜாயிண்டில் கவனிக்க வேண்டிய கேள்வி ஒன்றே: குளம் இரண்டு தகடுகளையும் தின்றுகொண்டு போகிறதா, அல்லது ஒன்றின் மேல் மட்டும் ஏறி மற்றொன்றைத் தொட்டும் தொடாமலும் போகிறதா? ஆர்க்கின் நீளம் ராடின் கம்பித் தடிமன் அளவில் இருக்கும்போது எண்ணெயில் எதையோ பொரிப்பது போன்ற சீரான சத்தம் வரும். நீளம் கூடினால் சத்தம் கரகரத்து விட்டுவிட்டு வரும். எங்கே சத்தம் மாறியது, எங்கே கை தடுமாறியது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, முடித்தவுடன் அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். உடைத்துப் பார்க்கும்போது குறை அந்தக் கோட்டின் அருகே அடிக்கடி இருப்பதைக் காண்பீர்கள்.

கண்ணால் பார்க்கும் வரிசை

ஸ்லாக்கைத் தட்டும்போது கண்ணாடி அணிந்தே தட்டுங்கள். சூடான சில்லு கண்ணுக்குத்தான் குறிவைக்கும். அது எப்படிக் கழன்று வருகிறது என்பதும் ஒரு சேதிதான். 6013 ராடின் ஸ்லாக் நல்ல வெல்டிலிருந்து எளிதாக உரிந்துவரும். ஓரங்களில் மட்டும் விடாப்பிடியாக ஒட்டிக்கொண்டிருந்தால் அங்கே பள்ளமோ மடிப்போ இருக்கக்கூடும். வயர் பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். கிரைண்டரைத் தொட வேண்டாம். பார்ப்பதற்கு முன் தேய்த்துவிட்டால் சாட்சியை அழித்ததாகிவிடும்.

கண்சோதனைக்கான ஐஎஸ்ஓ 17637 தரநிலை, வெல்டின் மேல் குறைந்தது 350 லக்ஸ் வெளிச்சம் வேண்டும் என்றும், 500 லக்ஸ் இருந்தால் நல்லது என்றும், கண் 600 மி.மீ. தூரத்துக்குள், தகட்டுக்கு 30 பாகைக்குக் குறையாத கோணத்தில் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. பட்டறையின் மங்கலான மூலையில் கைநீளத் தூரத்தில் பிடித்துப் பார்ப்பது சோதனை ஆகாது. அதோடு ஒரு சிறு டார்ச்சை எடுத்து, அதன் ஒளி தகட்டோடு ஏறக்குறைய ஒட்டிச் செல்லும்படி பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். மேலிருந்து பார்த்தபோது தெரியாத பள்ளம் நிழல் கோடாக எழுந்து நிற்கும்.

பார்ப்பதற்கு ஒரு வரிசை வேண்டும். முதலில் விரிசல். விரிசல் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் ஏற்கப்படுவதில்லை. கட்டட எஃகு வேலைக்காக அமெரிக்க வெல்டிங் சங்கம் வகுத்த ஏடபிள்யூஎஸ் டி1.1 விதித்தொகுப்பு இதில் எந்தச் சலுகையும் தருவதில்லை. அதிலும் பீட் முடியும் இடத்தில் உள்ள குழியைக் கூர்ந்து பாருங்கள். ராடைச் சட்டென்று எடுத்துவிட்டால் அங்கே குழி நிரம்பாமல், நடுவில் நட்சத்திரம் போலச் சிறு விரிசல் விழும். முடிவில் ஒரு கணம் நின்று, சற்றுப் பின்னால் வந்து, குழியை நிரப்பி எடுப்பதே அதற்கு மருந்து.

அடுத்து ஓரங்கள். ஒரே இடத்தை மட்டும் பார்க்க நேரமிருந்தால் நான் ஓரத்தைத்தான் பார்ப்பேன். பீட்டின் நடுவில் உள்ள வரிகள் கை எவ்வளவு சீராக நகர்ந்தது என்பதைச் சொல்கின்றன. வெல்டு தகட்டோடு கலந்ததா என்பதைச் சொல்வது ஓரம். நல்ல வெல்டில் உலோகம் தகட்டின் மேல் மெல்லச் சரிந்து, எங்கே வெல்டு முடிகிறது, எங்கே தகடு தொடங்குகிறது என்று சொல்ல முடியாதபடி இணைந்திருக்கும். இங்கே வரும் குறைகள் இரண்டு; அவை ஒன்றுக்கொன்று நேர்மாறானவை.

ஒன்று அண்டர்கட். ஆர்க் தகட்டை அரித்துவிட்டு, அரித்த இடத்தை நிரப்பாமல் போய்விட்டால் ஓரத்தில் வாய்க்கால் போன்ற பள்ளம் நிற்கும். தகட்டின் தடிமன் அங்கே குறைவதோடு, கூரிய பள்ளத்தில் விசை குவிவதால் விரிசல் தொடங்குவதற்கும் அது வாசலாகிறது. டி1.1 தொகுப்பில் 25 மி.மீ.க்கு மெல்லிய தகட்டுக்குப் பொதுவாக 1 மி.மீ. ஆழம் வரை பொறுத்துக்கொள்ளப்படுகிறது. ஆனால் சுமை மீண்டும் மீண்டும் ஏறி இறங்கும் முக்கிய உறுப்புகளில், இழுவிசைக்குக் குறுக்கே அமைந்த வெல்டில் 0.25 மி.மீ.க்கு மேல் கூடாது. ஒரே பள்ளம் ஓரிடத்தில் பொறுக்கத்தக்கது, மற்றோரிடத்தில் பொறுக்கத்தகாதது என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

மற்றொன்று ஓவர்லாப். உருகிய உலோகம் உருகாத தகட்டின் மேல் வழிந்து, மடிந்து உட்கார்ந்துவிடும். பார்வைக்கு வெல்டு தாராளமாக, தடிமனாகத் தெரியும். ஓரத்தில் ஒரு தாளின் முனையையோ நகத்தையோ நுழைத்துப் பார்த்தால் உள்ளே போகும். புதியவர்கள் அண்டர்கட்டுக்கு அஞ்சும் அளவுக்கு இதற்கு அஞ்சுவதில்லை. என் அனுபவத்தில் உடைக்கும்போது அதிகம் ஏமாற்றுவது இதுதான்.

பிறகு துளைகள். ஈரமான ராடு, அழுக்கான தகடு, நீண்ட ஆர்க் ஆகிய மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். வரிகளின் அழகையும் தெறித்த பொறிகளையும் கடைசியாகப் பார்த்தால் போதும். பொறி தெறித்திருப்பது அளவுகள் சரியில்லை என்பதற்கு அடையாளமே தவிர, அதனாலேயே வெல்டு பலவீனமாகிவிடாது.

அளவெடுத்தல்

டி ஜாயிண்டில் போடும் ஃபில்லட் வெல்டு முக்கோண வடிவம் கொண்டது. மூலையிலிருந்து ஒவ்வொரு தகட்டின் மேலும் அது எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்பது கால் நீளம். மூலையிலிருந்து முகம் (வெல்டின் வெளிப்பரப்பு) வரை உள்ள மிகக் குறுகிய தூரம் தொண்டை. சுமையைத் தாங்குவது தொண்டை. கால்கள் சமமாகவும் முகம் தட்டையாகவும் இருந்தால் தொண்டை, காலின் 0.7 மடங்கு, 6 மி.மீ. காலுக்கு 4.2 மி.மீ. முகம் உள்வாங்கிக் குழிந்திருந்தால் கால் நீளம் சரியாக இருந்தும் தொண்டை குறைந்துவிடும். ஒரு கால் 8, மற்றது 4 என்று சாய்ந்திருந்தால் அதை 4 மி.மீ. வெல்டாகவே கணக்கிட வேண்டும். படுக்கைத் தகட்டின் மேல் உலோகம் வழிந்து, நிற்கும் தகட்டில் அண்டர்கட் விழுவது இந்தச் சாய்வின் வழக்கமான தோற்றம். ராடின் கோணத்தை 45 பாகைக்குக் கொண்டுவந்தாலே பாதி சரியாகிவிடும்.

அளக்க ஃபில்லட் கேஜ் வாங்கிக்கொள்ளலாம். மெல்லிய தகரத்தில் தேவையான கால் அளவுக்கு நீங்களே ஒன்று வெட்டிக்கொண்டாலும் பயிற்சிக்குப் போதும். பெரிதாகப் போட்டால் உறுதி என்ற நினைப்பும் வேண்டாம். கால் 6 மி.மீ. என்றால் வெல்டின் குறுக்குப் பரப்பு 18 சதுர மி.மீ.; 8 மி.மீ. என்றால் 32. இரண்டு மில்லிமீட்டருக்காக ஏறக்குறைய முக்கால் பங்கு கூடுதல் உலோகமும் அதற்கேற்ற வெப்பமும் தகட்டுக்குள் போகின்றன. தகடு வளைந்துகொள்வது அதனால்தான்.

எழுதுதல், பிறகு உடைத்தல்

இப்போது நோட்டை எடுத்து, “எண் 7: ரூட் முழுவதும் பிடித்திருக்கும், இடது முனையில் 20 மி.மீ. சந்தேகம், நடுவில் ஒரு துளை” என்பது போலத் தீர்ப்பை எழுதுங்கள். தயக்கமான சொற்களைத் தவிர்த்து, இடத்தையும் அளவையும் குறிப்பிட்டு எழுத வேண்டும்.

உடைக்கும் முறை எளிது. படுக்கைத் தகட்டை வைஸில் இறுக்கி, நிற்கும் தகட்டை வெல்டு இருக்கும் பக்கமாகச் சுத்தியலால் அடித்துச் சாய்க்க வேண்டும். அப்போது பற்றவைக்காத பக்கத்திலிருந்து ரூட் வாய் திறக்கும். முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். துண்டு பறக்கக்கூடிய திசையில் யாரும் நிற்கக் கூடாது. வெல்டு உடையாமல் தகடு மடிந்து படுத்துவிட்டால் அது தேறியதாகவே டி1.1 கொள்கிறது. ஆனால் நமக்கு உள்ளே பார்க்க வேண்டும் என்பதால், அதுபோன்ற துண்டில் பீட்டின் நடுவே நீளவாக்கில் கிரைண்டரால் ஒரு சிறு கோடு வெட்டிவிட்டு, நிமிர்த்தி, மறுபடி அடிக்கலாம்.

உடைந்த முகத்தைக் கழுவவோ தேய்க்கவோ செய்யாமல் வெளிச்சத்தில் பாருங்கள். நல்ல இடம் சாம்பல் நிறத்தில், கிழிபட்ட இரும்பாகத் தெரியும். அந்தக் கிழிசல் மூலை வரை தொடர்ந்து போக வேண்டும். மூலையில் தகட்டின் பழைய விளிம்பு, வெட்டியபோது இருந்த அதே நேர்கோட்டில், கூர்மை குலையாமல் தெரிந்தால் அங்கே தகடு உருகவே இல்லை. கறுத்த கண்ணாடி போன்ற கோடு தெரிந்தால் ஸ்லாக் சிக்கியிருக்கிறது. உட்புறம் வழவழப்பான குழிகளும் புழு ஊர்ந்தது போன்ற தடங்களும் வாயு அடைபட்டதற்கு அடையாளம். நம்முடைய துண்டு போன்ற 150 மி.மீ. நீளத்தில், எந்தக் குறையும் 2.5 மி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது, எல்லாவற்றையும் கூட்டினால் 10 மி.மீ. தாண்டக் கூடாது, ரூட் உருகிப் பிடித்திருக்க வேண்டும் என்பது அத்தொகுப்பின் அளவுகோல். உங்களை நீங்களே சோதித்துக்கொள்ள இதை அப்படியே பயன்படுத்தலாம்.

நான் கற்ற காலத்தில் மீன் செதில் அடுக்கியது போன்ற ஒரு ஃபில்லட்டைப் போட்டுவிட்டு, அதைப் பத்திரமாக எடுத்துவைக்கலாமா என்று கூட யோசித்தேன். ஒரே அடியில் கழன்று விழுந்தது. உள்ளே தகட்டின் விளிம்பு, வெட்டியன்று இருந்தபடியே பளபளத்தது. ஆம்பியர் குறைவு. கை மட்டும் சீராக நகர்ந்திருந்தது.

இரண்டு தகடுகளை முனையோடு முனை சேர்த்த பட் ஜாயிண்டுக்கு வளைத்துப் பார்ப்பதே ஏற்றது. குறுக்கே பட்டையாக அறுத்து, இரு பக்கமும் மேடாக நிற்கும் உலோகத்தைத் தகட்டு மட்டத்துக்குத் தேய்த்து, ஒன்றை முகம் வெளிப்பக்கம் வரும்படியும் மற்றொன்றை ரூட் வெளிப்பக்கம் வரும்படியும் வளைக்க வேண்டும். சாதாரண மைல்டு ஸ்டீலுக்கு, தகட்டுத் தடிமனைப் போல் நான்கு மடங்கு விட்டமுள்ள உருளையின் மேல் யு வடிவத்துக்கு வளைப்பது வழக்கம். வெளிப்பக்கத்தில் 3 மி.மீ.க்கு மேல் வாய் திறந்தால் தேறவில்லை. ரூட் பக்கம் வளைத்ததுதான் முதலில் காலைவாரும்.

மிக் வெல்டிங்கில் கூடுதல் எச்சரிக்கை

ஸ்டிக்கில் அளவு தவறினால் வெல்டு பார்க்கவும் அசிங்கமாகத்தான் இருக்கும். மிக் அப்படியல்ல. குறைந்த வோல்ட்டேஜில் தடித்த தகட்டின் மேல் ஓட்டினாலும் கம்பி தொடர்ந்து வந்து, அழகான பீட்டை அடுக்கிக்கொண்டே போகும். அடியில் தகடு குளிர்ந்தே கிடக்கும். ஸ்லாக்கும் இல்லை, துளையும் இல்லை, குறை வெளியே தெரிய வழியும் இல்லை. ஓரம் உருண்டு, தகட்டின் மேல் உட்கார்ந்தது போல் இருக்கிறதா என்பது மட்டுமே கிடைக்கும் துப்பு. ஆகவே மிக் கற்பவர் ஸ்டிக் கற்பவரை விட அதிகத் துண்டுகளை உடைக்க வேண்டும் என்பது என் கருத்து. பீட் முழுக்கச் சல்லடைத் துளைகளாக இருந்தால் வெல்டைக் காக்கும் கேஸ் கலைந்திருக்கலாம்; முதலில் காற்றாடியையும் கேஸ் ஓட்டத்தையும் பாருங்கள்.

கண்ணுக்கு எட்டாதவை

கண்ணும் சுத்தியலும் எல்லாவற்றையும் சொல்லிவிடா. கண்ணுக்குத் தெரியாத மேற்பரப்பு விரிசலைச் சிவப்புச் சாயத்தை ஊறவைத்துத் துடைத்து, வெள்ளை டெவலப்பர் தெளித்துப் பார்க்கும் சோதனை காட்டிவிடும். உள்ளே இருப்பதற்கு அல்ட்ராசோனிக் அல்லது எக்ஸ்ரே படம் வேண்டும். வலிமை மிகுந்த எஃகுகளில், ஈரத்திலிருந்து புகுந்த ஹைட்ரஜன் வெல்டு குளிர்ந்த பிறகு நேரம் கழித்து விரிசலை உண்டாக்கும். சில எஃகு வகைகளுக்கு 48 மணி நேரம் கழித்தே இறுதிக் கண்சோதனை என்று டி1.1 விதித்திருப்பது அதனால்தான். 7018 போன்ற குறை ஹைட்ரஜன் ராடுகளைப் பெட்டி திறந்த பிறகு 120 பாகை செல்சியஸுக்குக் குறையாத அடுப்பில் வைத்திருப்பதும் இதே காரணத்தால்தான். அழுத்தக் குழாய், எரிவாயுக் கலன், தூக்குக் கொக்கி, வாகனத்தின் ஸ்டீயரிங் பாகம் ஆகியவற்றில் உங்கள் சொந்தத் தீர்ப்பு எவ்வளவு கூர்மையடைந்திருந்தாலும் அதை நம்பி வேலையை ஒப்படைக்கக் கூடாது. அங்கே தகுதி பெற்றவரின் கையும் முறையான சோதனையும் தேவை.

எந்த அளவுக் குறை ஏற்கத்தக்கது என்பது வேலையைப் பொறுத்தது என்பதால்தான் ஐஎஸ்ஓ 5817 தரநிலை பி, சி, டி என்று மூன்று நிலைகளை வைத்திருக்கிறது. பி மிகக் கடுமையானது, டி மிகத் தளர்வானது. “இந்த வெல்டு நல்லதா?” என்று யாராவது கேட்டால், “எந்த வேலைக்கு?” என்று திருப்பிக் கேட்பதில் தவறில்லை.

குறை கண்டால்

தேறாத வெல்டின் மேல் இன்னொரு ஓட்டம் போட்டு மூடுவது பட்டறைகளில் அன்றாடம் நடப்பதுதான். அதனால் ஸ்லாக் உள்ளேயே புதைகிறது, விரிசல் அடியிலிருந்து மேலே வளர்கிறது. குறையுள்ள பகுதியை நல்ல உலோகம் வரும் வரை கிரைண்டரால் தோண்டி எடுத்துவிட்டே மறுபடி போட வேண்டும். விரிசல் என்றால் அது கண்ணுக்குத் தெரியும் முனையோடு நின்றிருக்காது. இரு முனைகளிலும் 50 மி.மீ. தாண்டியும் தோண்டுவது நல்லது. ஆழமற்ற அண்டர்கட்டை மட்டும் சுத்தம் செய்துவிட்டு மெல்லிய ராடால் ஓர் ஓட்டம் கொடுத்து நிரப்பலாம். திருத்திய இடத்தைப் புதிய வெல்டாகவே கருதி, ஸ்லாக்கைத் தட்டி, டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்து, விரிசலில் தொடங்கும் அதே வரிசையில் பாருங்கள். பயிற்சித் துண்டாக இருந்தால் அதையும் உடைத்து, நோட்டில் அதே எண்ணுக்கு அடியில் முடிவை எழுதிவையுங்கள்.